வலை கோணிய காலை

சங்கீதம் படிப்பிக்கிற என்னிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி, "உங்கட குரு ஆர் டீச்சர்?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதில் தெரியாததால் வருகிற கோபம் அது. மாமா என்று சொல்ல வாய் வரும், உடனே பேச்சை மாற்றிவிடுவேன். அவர் நான் நன்றி சொல்ல வேண்டிய ஆளா, மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆளா? இருபது வருசமாக எனக்கே பிடிபடவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்களுக்கு அம்பாப் பாட்டுப் பாடுகிறவர். கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலையில் மீன் சேருகிற மடி கோணும், மீன் எல்லாம் போயிட்டு வாறம் என்று போய்விடும். கைகளைச் சேர்த்து வைப்பது பாட்டுத்தான். ஒருத்தர் அடி எடுத்துப் பாடுவார், மற்றவர்கள் ஏலேலோ போட்டு இழுப்பார்கள்.

மாமா எனக்கு ஒரு வரிகூடச் சொல்லித் தந்ததில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன அம்பா என்று கேட்கிற ஊர் அது. ஆனால் எனக்கு அவர் பாட்டென்றால் பைத்தியம். பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்று கேட்பேன், பிறகு ஓடுவேன், பிந்திப் போய் ஏச்சு வாங்குவேன்.

அது சண்டைக் காலம். விடிந்த பிறகுதான் தோணி இறக்க நேவிக்காரர் விடுவார்கள். முன்பு நாளுக்கு மூன்று தரம் போட்ட வலையை ஒரு தரம் போடுவதே பெரும்பாடு. அந்த ஒரு வலையை நம்பித்தான் எல்லா வீட்டு அடுப்பும் இருந்தது.

அப்படி ஒரு காலை. எனக்குப் பதினொரு வயது. தென்பக்கத்துக் கூட்டத்துக்குப் பின்னால் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நின்றேன். மாமா வடபக்கத்தில் பாடிக்கொண்டிருந்தார். என்ன பேய் பிடித்ததோ, நானும் வாயைத் திறந்தேன். முதலில் மெல்ல, பிறகு தொண்டை விட்டு. மெட்டு அவருடையதுதான், ஆனால் எனக்கு அவசரம், அடியை முந்தி எடுத்துவிட்டேன். ஐயோ, தென்பக்கத்து ஆட்கள் என் பாட்டுக்கு இழுக்கத் தொடங்கிவிட்டார்கள்! வடபக்கம் அப்படியே நின்றுபோனது. மடி கோணிற்று. பாரமாக வந்த வலை சும்மா வந்து கரையில் கிடந்தது.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கத்தினார்.

"ஆருடா அடி பிழைச்சது?"

தென்பக்கத்தில் இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் வாய் திறக்க முதல் மாமா சொன்னார், "என்ட பிழை."

அடுத்த நாள் அடி எடுக்க வேறு ஆள். மாமா கயிற்றின் கடைசியில் நின்று ஏலேலோ போட்டார். அதற்குப் பிறகு அவர் அடி எடுத்ததே இல்லை.

என்னைப் பேசுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். ஒன்றுமில்லை. அந்த மாதமே என்னைச் சிலாபத்தில் ஒரு சங்கீத டீச்சரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். சனிக்கிழமை சனிக்கிழமை பஸ். சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து, அடையாள அட்டை காட்டி, மறுபடி ஏறி. வகுப்பு முடியுமட்டும் வாசலில் குந்திக்கொண்டிருப்பார். வழியில் ஒரு கதை இல்லை. இது தண்டனையா, பாசமா? மனுசன் வாயைத் திறந்து சொன்னால்தானே! ஸ்வரம் பாடும்போதெல்லாம் இவர் பாட்டைப் பறித்துத்தான் நான் பாடுகிறேன் என்று அழுகை வரும். பாடாமலும் இருக்க முடியாது. அவ்வளவு ஆசை.

போன வருசம் மாமா படுக்கையில் விழுந்தார். இனியும் பிந்தினால் சரிவராது என்று போய்க் கட்டிலருகே கதிரையைப் போட்டு இருந்தேன்.

"மாமா, அண்டைக்கு நான் செஞ்ச பிழைய நீங்க ஏத்துக்கிட்டீங்க. அதால உங்கட பாட்டே போச்சு."

அவர் ஒன்றும் விளங்காதவர்போல் பார்த்தார். "நீ என்ன பிழை செஞ்சாய்?"

"நான் குறுக்க பாடினதுதானே."

"நீ பாடினாய். நான் நிப்பாட்டிட்டன். அதுதான் வடபக்கம் நிண்டது."

"ஏன் மாமா நிப்பாட்டினீங்க?"

"கேக்கத்தான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "இத்தின வீட்டுச் சோறு கையில கிடக்கு, நான் வாயப் பொத்திக்கொண்டு உன்ட பாட்டக் கேட்டுக்கொண்டு நிண்டன். அதுக்குப் பிறகு எந்த முகத்தோட புள்ள அடி எடுக்கிறது?"

இருபது வருசமாகச் சுமந்த குற்றத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. நன்றி சொல்ல வந்தனான் மாமா என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"எனக்கெதுக்கு?" என்றார். "நான் கேட்டவன்தானே."