திருக்கை வாடை

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஓர் அலுமினிய அன்னக்கூடை தொங்குகிறது. விளிம்பில் ஓட்டை போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறோம். ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். என் மாமியார் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, அதில் நிரப்பி, திருவொற்றியூர்த் தெருக்களில் முப்பது வருடம் விற்ற கூடை அது. சாம்பல் போட்டு எத்தனை முறை தேய்த்தாலும் மழை நாளில் மூக்கை உள்ளே விட்டால் லேசாக மீன் வாடை வரத்தான் செய்கிறது. நான் அவ்வப்போது விட்டுப் பார்ப்பேன். வீட்டுக்கு வருபவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

நான் புளியந்தோப்புப் பெண். காதலித்து மீனவர் வீட்டுக்கு வாழ வந்தவள். வந்த முதல் வாரமே எனக்கும் அத்தைக்கும் வாடைச் சண்டை தொடங்கிவிட்டது. எனக்கு வேலை உரத் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில். அங்கிருந்து வெளியேறும் தண்ணீரைக் குப்பியில் பிடித்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மஞ்சள் ஏறினால் தண்ணீரில் அம்மோனியா இருக்கிறது என்று அர்த்தம்; சுத்தம் செய்யாமல் அதைத் திறந்துவிடக் கூடாது. சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அத்தை ஆரம்பிப்பார். "கம்பெனி நாத்தத்த வூட்டுக்குள்ள எட்னு வராதமே, மொதல்ல போயி குளி." நானும் விடமாட்டேன். "உங்க கூடய கய்வி வச்சிட்டு அப்பால என்ன சொல்லுங்க அத்த." குளித்துவிட்டு வந்ததும் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்பார்: "இன்னாமே, இன்னிக்கி எறா பொய்க்குமா?" அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் கழிமுகத்தில் இறால் பிழைக்குமா என்பதுதான் என் வேலையைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே கேள்வி. யோசித்துப் பார்த்தால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

மகள் பிறந்தபோது எனக்குப் பால் ஊற வேண்டும் என்று பால்சுறா வாங்கிவந்து புட்டு செய்தார். சுறாவுக்கும் திருக்கைக்கும் உடம்பிலேயே யூரியா உண்டு. கடலின் உப்பைச் சமாளிக்க அவை அதைச் சேர்த்து வைத்திருக்கின்றன. செத்துப்போய் நேரமானால் அதுவே சிதைந்து அம்மோனியாவாகி மூக்கைக் குத்தும். எங்கள் தொழிற்சாலையில் வெள்ளை மணிகளாக மூட்டை பிடிக்கிறோமே, அதே யூரியா. வயலில் அது நெல்லைப் பச்சையாக்குகிறது. அளவு மீறித் தண்ணீரில் கலந்தால் மீனைக் கொல்கிறது. நம் ரத்தத்தில் அது கழிவு. அத்தை சுறாவைப் புளித்தண்ணீரில் அலசுவதைப் பார்த்து, "புளியில இருக்கிற ஆசிட்டு அம்மோனியாவ புட்ச்சிக்கும் அத்த" என்று விளக்கினேன். "இத்த தெர்ஞ்சிக்க காலேஜுக்குப் போனியா?" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

என் கணவர் படகுப் பழுது பார்க்கும் இடத்தில் வெல்டிங் வேலை செய்கிறவர். மகளுக்கு ஐந்து வயதானபோது அவருக்குச் சோறு இறங்காமல் போனது. எப்போது பார்த்தாலும் அசதி, சாயங்காலமானால் காலில் வீக்கம். வெயிலில் நின்று வேலை செய்கிற உடம்பு என்று விட்டுவிட்டோம். அவர் பக்கத்தில் வந்தால் ஒரு வாடை வீசியது. அது என் தொழிற்சாலை வாடை, என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்றார் அத்தை. அவர் தினமும் அத்தையின் கூடையைத் தூக்கி இறக்கிவிடுகிறாரே, அந்த மீன் வாடைதான் என்றேன் நான். ஆளுக்கொரு வாடையைத் தொழிலாக வைத்திருந்த இரண்டு பெண்களும் மாதக்கணக்கில் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்தோம். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. அத்தை கூடையைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வீட்டில் இருந்தார். எங்கள் தொழிற்சாலையிலும் வருடாந்திரப் பராமரிப்புக்காக எந்திரங்களை நிறுத்தியிருந்தார்கள். மீனும் இல்லை, ரசாயனமும் இல்லை. வாடை மட்டும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தை வீடு முழுக்க மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தார். கூடையை முகர்ந்தார். என் சேலைத் தலைப்பை இழுத்து முகர்ந்தார். பாயில் தூங்கிக்கொண்டிருந்த தன் மகனிடம் வந்ததும் குனிந்து, ஏலத்தில் மீனை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்ப்பாரே, அதே மாதிரி கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"மே, இங்க வா. இவன் வாயாண்ட மோந்து பாரு. வெய்யில்ல கெடந்த திருக்க வாட வருது. மீனே இல்லாத வூட்ல திருக்க எங்கேந்துமே வந்துச்சி?"

நானும் குனிந்தேன். அம்மோனியாவோடு பழகி மரத்துப்போன மூக்குக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி இழுத்தபோது மெல்லிசாக வந்தது. தினமும் குப்பியில் நான் தேடுகிற அதே சரக்கு, என் கணவரின் மூச்சில். அன்று மாலையே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ரத்தத்தில் யூரியா எக்கச்சக்கமாக ஏறி, மூச்சில் அம்மோனியாவாக வந்திருந்தது. இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன. இன்னும் சில வாரம் போயிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். "வாடையில சார்" என்றார் அத்தை. டாக்டர் சிரிக்கப் போனார். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஒரு வருடம் டயாலிசிஸில் ஓடியது. பிறகு மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றானபோது அத்தையுடையது பொருந்தியது. "ரெண்டுல நல்லதா பாத்து எட்த்துக்கோ சார், செவுள தெறந்து பாத்து வாங்குவாங்களே, அந்த மாரி" என்றார். நல்லதைக் கொடுப்பவருக்கே விட்டுவிட்டு மற்றதைத்தான் எடுப்பது வழக்கம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அத்தைக்கு வந்ததே கோபம். "இன்னா சார் பேசற? நாறுன மீன ஒர்த்தருக்கும் நான் வித்ததில்ல. பெத்த புள்ளைக்குப் போயி ரெண்டாம் நம்பர் சரக்க குடுப்பேனா?" அவருடைய இரண்டுமே முதல் தரம்தான் என்று டாக்டர் இரண்டு முறை உறுதி சொன்ன பிறகே கையெழுத்துப் போட்டார். நான் வெளியே வந்து, நடைபாதையில் நின்று அழுதேன்.

வீடு திரும்பிய பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்தது. காலையில் காபி குடித்ததும் கணவர் அத்தையின் எதிரில் உட்கார வேண்டும். "ஊது" என்பார். மீசை வைத்த ஆள், போலீஸிடம் மாட்டிய குடிகாரனைப் போல ஊதுவார். அத்தை கண்ணை மூடி முகர்ந்துவிட்டு, மீனுக்குச் சொல்வது போலவே சொல்வார்: "பிரெஷ்ஷு." அதற்கப்புறம்தான் அவர் வேலைக்குக் கிளம்ப முடியும். மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஒருபுறம் நடந்தாலும் எங்கள் வீட்டுச் சோதனை இதுதான். ஒன்பது வருடம் ஒருநாள் தவறியதில்லை.

போன வருடத் தடைக்காலத்தில், ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த அத்தை எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன மறுநாள் காலை, கணவர் காபி குடித்துவிட்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் என் எதிரில் வந்து உட்கார்ந்து, "ஊதட்டா?" என்று கேட்டார். என் மூக்கை நம்ப முடியாது என்று அவருக்கும் தெரியும். அதனால் அத்தையைவிட இன்னும் பக்கத்தில் போய் முகர்ந்தேன்.

இன்று காலையும் ஊதினார். காபி வாசனையைத் தவிர வேறொன்றும் இல்லை. அத்தையை அடக்கம் செய்தாகிவிட்டது. அவருடைய சிறுநீரகம் ஒன்று மட்டும் இன்னும் இந்த வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. சுவரில் கூடை தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "பிரெஷ்ஷு."