எருக்கலைப் பாலும் ஒரு போத்தல் தண்ணீரும்

மூன்று வருடங்களுக்கு முன், பங்குனி வெயிலில், புங்குடுதீவில் நடந்தது இது. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் எருக்கலைப் பாலை ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஆடுகூட வாய் வைக்காத அந்த எருக்கஞ்செடி, ஸ்டெரோல் என்ற சாதாரணக் கொழுப்புப் பொருளிலிருந்து இதயத்தையே நிறுத்தக்கூடிய நஞ்சை எப்படிப் படிப்படியாகச் சமைக்கிறது என்பதுதான் என் ஆய்வு. மணிக்கணக்காகக் கதைப்பேன். பெரிய கெட்டிக்காரி எண்ட நினைப்பு!

ஆய்வுக்கு எருக்கலை இலை பறிக்கப் போன என்னை ஏற்றிவந்த ஓட்டோ அண்ணை அந்த ஊர்க்காரர். கேட்காமலே இறங்கிக் கொப்பு முறித்துத் தந்தார். ஒரு கொப்பு தெறித்ததில் பால் அவருடைய வலது கண்ணுக்குள் போய்விட்டது.

இலை கழுவ ஒரு போத்தல் நல்ல தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். அங்கே கிணற்றுத் தண்ணீரெல்லாம் உவர். நல்ல தண்ணீரின் அருமை அவருக்குத் தெரியும்.

"சும்மா இரும், தங்கச்சி. நல்ல தண்ணியைக் கண்ணிலை ஊத்தி வீணாக்கிறதே? எனக்கு நோகேல்லை," என்று இடுப்பில் கட்டியிருந்த சாரத்தால் துடைத்துவிட்டார்.

நோகாவிட்டால் பயமில்லை என்று நானும் ஒத்துப் பாடினேன். அந்தத் தண்ணீர் முழுவதையும் ஊற்றி என் இலைகளைக் கழுவினேன்.

மத்தியானம் திரும்பும்போது, கடலுக்கு நடுவே போகிற பாலத்தில் ஓட்டோவை நிறுத்தினார்.

"தங்கச்சி, ரோட்டிலை பனி மூடிக் கிடக்கே?"

கொளுத்துகிற வெயிலில் ஏது பனி! திரும்பிப் பார்த்தேன். அவருடைய வலது கருவிழி வெளிறிப்போயிருந்தது.

பஸ்ஸை மறித்து ஏற்றி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அந்தப் பால் கண்ணை மரக்கப்பண்ணும், அதனால்தான் நோகாது, உடனே நிறையத் தண்ணீரால் கழுவியிருக்க வேண்டும் என்றார் வைத்தியர். பிறகு, "நீங்கள் என்ன வேலை செய்யிறனீங்கள்?" என்று என்னைக் கேட்டார்.

இரண்டு கிழமை, முழுதாய்ப் பதினாலு நாள், அவர் ஓட்டோ ஓடவில்லை. அந்த ஓட்டோவை நம்பித்தான் அவருடைய குடும்பம். கண் போனால் என்ன செய்வார்கள் என்று நினைத்து நினைத்து நான் உருகினேன். கடவுளே என்று பார்வை திரும்பியது.

வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு அழுதேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. பேச்சை மாற்றுவதற்காக, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "அண்டைக்கு இலை கழுவத் தண்ணி காணுமா இருந்ததோ, குறைஞ்சு போச்சோ?"

காணுமாக இருந்தது, அண்ணை. இன்றைக்கும் என்னால் தாங்க ஏலாமல் இருப்பது அதுதான்.