கிரேஸ் டாக்டரின் பச்சை மாத்திரை

மர்பி டவுனில் எங்கள் வீட்டு வாசலில் நின்று சிலிண்டர்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அக்கா போயிட்டாங்க சிஸ்டர்" என்றார் கிரேஸ் டாக்டரின் தம்பி. சண்டையின் சூட்டிலேயே "எந்த அக்கா? எங்க போனாங்க?" என்று கேட்டுவிட்டேன். "எங்க கிரேஸ் அக்கா, சிஸ்டர்" என்றார். சிலிண்டர்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் சிலிண்டரை அடுப்படி வரை தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனார்.

டாக்டர் கிரேஸ் சுகந்தியை உங்களில் பலர் அறிவீர்கள். தொண்ணூறுகளில் நம் புற்றுநோய் மருத்துவமனையின் பெண்கள் வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் அங்கே தலைமைச் செவிலி. அவர் என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர், எங்கள் ஏரியாவுக்குப் பக்கத்துக் காக்ஸ் டவுன்காரர். என் வாய் கொஞ்சம் நீளம் என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் யாரையாவது திட்டிக்கொண்டு வந்தால், "ருக்கு சிஸ்டர், இன்னிக்கு யாரு சிக்கினாங்க?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பிலேயே என் கோபம் பாதி இறங்கிவிடும்.

அந்தக் காலத்தில் கீமோ என்றாலே வாந்திதான். வாந்தியை நிறுத்தும் நல்ல ஊசி அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. எல்லோருக்கும் அது கட்டுப்படியாகவில்லை. ஓர் அம்மா இரண்டாவது கீமோவோடு போதும் என்று மூட்டையைக் கட்டிவிட்டார். "சாவுக்குப் பயமில்ல டாக்டரம்மா. இந்த வாந்திக்குத்தான் பயம்" என்றார். அவருக்கு வந்தது முழுசாகக் குணமாகக்கூடிய நோய். கிரேஸ் டாக்டர் கேட் வரைக்கும் பின்னாலேயே போய்க் கெஞ்சிப் பார்த்தார். அந்த அம்மா நிற்கவில்லை. கொஞ்ச நாளில் இறந்தும் போனார். "நோய் கொல்லலை சிஸ்டர். வாந்தி கொன்னுடுச்சு" என்று டாக்டர் அடிக்கடி சொல்வார்.

அதிலிருந்துதான் அவர் கஞ்சாவைப் பிடித்துக்கொண்டார். வெளிநாடுகளில் அந்தச் செடியின் சத்தை வாந்திக்கு மாத்திரையாகக் கொடுக்கிறார்கள், நம் ஆட்களுக்கு அது கேட்கிறதா என்று முறையாகப் பார்க்க வேண்டும் என்றார். அனுமதிக்காக அவர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே 'கஞ்சா டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். சர்ச்சில் பக்கத்தில் உட்காரும் பெண்மணி தள்ளி உட்கார்ந்தாராம். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் கொஞ்ச காலத்துக்கு, கொஞ்சம் பேருக்கு என்று அனுமதி வந்தது. மாத்திரைகள் எல்லாம் ஒரே பச்சை நிறம். பாதிப் பேருக்கு உள்ளே கஞ்சா மருந்து இருக்கும், மீதிப் பேருக்கு வெறும் முருங்கை இலைப் பொடி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மருந்தறையில் மட்டும் தெரியும். கடைசியில் மருந்தறைப் பட்டியலைப் பிரித்துப் பார்த்து, எந்தப் பக்கம் வாந்தி குறைந்தது என்று கணக்கெடுப்பார்கள். எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சம்மதம் வாங்கித்தான் ஆரம்பித்தோம். மாத்திரை அலமாரிக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி அவரிடம், ஒன்று என்னிடம்.

பூட்டெல்லாம் சரியாகத்தான் இருந்தது. நம் வார்டு எப்படிப்பட்ட வார்டு என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை. ஒரு கட்டிலுக்கு வந்த ரசம் நாலு கட்டிலுக்குப் போகும். ஒருத்தி சீப்பில் இன்னொருத்தி தலை வாருவாள், அதுவும் முடி இருக்கும் வரைதான். ஊருக்கு வெளியே சந்தாபுராவிலிருந்து வந்த முனியம்மாவுக்குப் பச்சை மாத்திரை போட்டதிலிருந்து வாந்தி நின்றிருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஜெயந்தி டீச்சர் குடலே வெளியே வருகிற மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார். முனியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நான் அடுத்த கட்டிலுக்குத் திரும்பும் நேரத்தில் தன் மாத்திரையை டீச்சரிடம் கொடுத்துவிட்டு, அவருடையதைத் தான் போட்டுக்கொண்டார். டீச்சருக்கு வாந்தி மட்டுப்பட்டது. விஷயம் பரவியது. "இன்னிக்கு அவளுக்குக் குடு, நாளைக்கு எனக்குக் குடு" என்று எல்லோரும் முனியம்மாவிடம் கேட்க, வார்டு முழுக்க மாத்திரை கைமாற ஆரம்பித்திருக்கிறது.

ஒருநாள் ரவுண்ட்ஸில் முனியம்மாவே பெருமையாகச் சொன்னார். நான் கத்திய கத்தலில் சமையலறை ஆட்கள் ஓடி வந்தார்கள். முனியம்மா அசரவில்லை. "இன்னாத்துக்கு சிஸ்டர் கத்துற? என் ரசத்தக் குடிச்சா. என் மாத்திரைய முழுங்கினா இன்னா தப்பு?" என்று கேட்டார். கிரேஸ் டாக்டர் முதலில் சிரித்துவிட்டார். பிறகு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஆராய்ச்சியில் என்ன மிச்சம்? யார் எதை விழுங்கினார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனாலும் வார்டில் மொத்தமாக வாந்தி குறைந்திருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. ஆஸ்பத்திரி மேலிடத்தில் இருந்த ஒரு பெரியவர், "கைமாறின கதையை விட்டுட்டு மத்ததை எழுதும்மா. நல்லாத்தானே வந்திருக்கு?" என்றார். கிரேஸ் டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கும் அது வேலை செய்யுதுன்னுதான் சார் தோணுது. தோணுறதை எழுதுறதுக்கா இத்தனை வருஷம் அலைஞ்சேன்?" என்றார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார். அனுமதி முடிந்தது, மறுபடி கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

மருந்தறைப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வார்டே போட்டி போட்டு வாங்கிய முனியம்மாவின் மாத்திரை, முருங்கைப் பொடி! எனக்குத் தலை சுற்றியது. "இப்பப் புரியுதா சிஸ்டர், நான் ஏன் தோணுறதை நம்பலைன்னு?" என்றார் டாக்டர். முனியம்மாவிடமும் அவர் மறைக்கவில்லை. முனியம்மாதான் நம்பவில்லை. "முருங்கக் கீரையா? எங்க வூட்டாண்ட மரமே இருக்குது டாக்டரம்மா! அதுக்கா இத்தினி பூட்டு?" என்று கேட்டார். நான் வராந்தாவுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

டாக்டர் மறுபடி விண்ணப்பித்துக்கொண்டே இருந்தார். வார்டில் யார் வந்து, "கஞ்சா கேன்சருக்கு நல்லதாமே?" என்று கேட்டாலும், "தெரியாதும்மா. வாந்திக்குக் கேக்கலாம். நோயைத் தீர்க்கும்னு யாராவது சொன்னா நம்பிட்டுச் சிகிச்சையை விட்டுடாதீங்க" என்பார். அவ்வளவு படித்தவர் இப்படித் தெரியாது, தெரியாது என்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். "தெரிஞ்ச மாதிரிதான் சொல்லுங்களேன், அவங்களுக்கு ஒரு தெம்பா இருக்கும்" என்று ஒருமுறை சொன்னேன். "அந்தத் தெம்புக்கு அவங்க உயிரைப் பணயம் வைக்கணுமா?" என்று கேட்டார்.

பல வருஷம் கழித்து அவருக்கே புற்றுநோய் வந்தது. இப்போது நல்ல வாந்தி ஊசிகள் மலிவாகவே கிடைக்கின்றன. அவருக்கு அவையும் கேட்கவில்லை. தினமும் பஸ் பிடித்து காக்ஸ் டவுனுக்குப் போய் அவர் வாந்தியெடுக்கப் பேசின் பிடித்தேன். எத்தனையோ பேருக்குப் பிடித்த கைதான். அவருக்குப் பிடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒருநாள் தாங்காமல், "எங்க ஏரியாவுல விக்கிறவனை எனக்குத் தெரியும். கொண்டு வரட்டுமா?" என்று கேட்டேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அதுல என்ன இருக்குன்னு அவனுக்கே தெரியாது. நம்ம பேஷண்டுக்குக் குடுக்காததை எனக்கு மட்டும் குடுப்பீங்களா சிஸ்டர்?" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இந்தப் பிடிவாதத்தை இப்போதாவது விடக் கூடாதா என்று அவரைத் திட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

விஷயம் கேள்விப்பட்டு முனியம்மா சந்தாபுராவிலிருந்து வந்தார். குணமாகி, பேத்தி எடுத்தவர். கையில் ஒரு தூக்குப் பாத்திரம். "நம்ம மாத்திரை டாக்டரம்மா" என்று முருங்கைக்கீரை ரசத்தை நீட்டினார். டாக்டர் அத்தனை நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு ஸ்பூன் குடித்தார். கொஞ்ச நேரத்தில் அதுவும் வெளியே வந்தது. முனியம்மாவின் முகம் செத்துப்போனது. "ஒரு ஆளுக்குக் கேக்கலைன்னா ஒண்ணும் அர்த்தமில்ல முனியம்மா. இன்னொரு ஸ்பூன் குடு" என்றார் டாக்டர். அதுதான் நான் கேட்ட அவருடைய கடைசி வேடிக்கைப் பேச்சு.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் ஆட்டோவுக்காக நின்றோம். முனியம்மா என் தோளைத் தொட்டு, "அந்தப் பச்சை மாத்திரைய அப்பவே எல்லாருக்கும் குடுக்க விட்டிருந்தா, டாக்டரம்மா இத்தினி கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க இல்ல சிஸ்டர்?" என்று கேட்டார். அழுது அழுது அவர் கண் வீங்கியிருந்தது. ஆமாம் என்று சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும். எனக்கும்தான். யாரையாவது திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"தெரியாது முனியம்மா" என்றேன். "தெரிஞ்சுக்கத்தான் அவங்க அவ்வளவு பாடுபட்டாங்க."

கிரேஸ் டாக்டரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தத் 'தெரியாது'தான். அவர் வாயில் கேட்டபோதெல்லாம் எரிச்சல்பட்டிருக்கிறேன். அதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அவருக்கும் இப்படித்தான் வலித்திருக்குமோ என்று அன்றுதான் நினைத்தேன். கேட்டுப் பார்க்க அவர் இல்லை.