டைமர் கத்தினால் ஓடுகிறவர்

அந்த டைமரை வாங்கிக் கொடுத்தவள் என் மகள். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். நாவலூரில் வேலை, அங்கேயே ஒரு ஃபிளாட்டில் குடித்தனம். மாதம் இரண்டு முறை சேலையூருக்கு எங்களைப் பார்க்க வருவாள். அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் பொங்கி வழிந்து, கருகின நாற்றம் ஹால் வரைக்கும் வந்தது. பாலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவரை உட்கார வைத்துவிட்டு நான் துணி காயப்போடப் போயிருந்தேன். இவர் அடுப்புக்கு நாலடி தள்ளி நாற்காலி போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அப்பாவுக்கு ஒரு டைமர் வாங்கணும்மா" என்றாள். அடுத்த முறை வாங்கிக்கொண்டே வந்துவிட்டாள்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை டப்பா. பின்னால் காந்தம், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்ளும். முன்னால் நாலு பொத்தான், ஓரத்தில் அழிக்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நேரம் வைக்கலாம், நாலும் ஒரே சமயத்தில் ஓடும். ஒன்றாம் பொத்தானுக்கு ஒற்றைக் கத்தல், இரண்டாவதுக்கு இரட்டைக் கத்தல், இப்படி. இவர் அன்றைக்கே மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டிவிட்டார்: குக்கர், பால், மோட்டார், மாத்திரை.

மாத்திரைக்கு எதற்கு டைமர் என்று கேட்டேன். காலையில் ஒரு பிரஷர் மாத்திரை, அவ்வளவுதான் இவருக்கு. "இருக்கட்டும்" என்றார். அதற்கு முந்தின வாரம்தான் குன்றத்தூரில் இவருடைய அண்ணனைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அவருக்கு நாலு வருஷமாக ஞாபகம் சரியில்லை. அன்றைக்குத் தம்பியைப் பார்த்து, "யார் சார் நீங்க, எந்த ஆபீஸ்?" என்று மரியாதையாக விசாரித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இதையும் அதையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அன்று தோன்றவில்லை. என் வயிற்றெரிச்சலே எனக்குப் பெரிதாக இருந்தது.

வயிற்றெரிச்சல் என்றுதான் சொல்கிறேன். இந்த வயதில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. கல்யாணம் ஆகி முப்பத்தொரு வருஷமாக நான் சமையலறையிலிருந்து "ஏங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பரணிலிருந்து அண்டாவை இறக்க, கேஸ் தீர்ந்துபோனால் சிலிண்டர் மாற்ற, சில நாள் ஒன்றுமில்லாமல் சும்மாவும். முதல் தடவைக்கு இவர் வந்ததே கிடையாது. இரண்டாவதுக்கு "ம்" வரும். மூன்றாவதுக்கு "வரேன்" வரும், ஆள் வராது. நாலாவதுக்கு நானே அண்டாவை இறக்கியிருப்பேன்.

அதே மனுஷன், அந்த டப்பா ஒரு தடவை "பீப்" என்றால் போதும், நாற்காலி பின்னால் சாய எழுந்து ஓடுவார். வாயில் இட்லி இருந்தால் இட்லியோடு ஓடுவார். ஒருநாள் பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு ஓடிவந்து குக்கரை அணைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்குக் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் வேலை, கடைசியில் லைன் சூப்பர்வைசர். அங்கே எல்லாமே பஸ்ஸர்தான். டீக்குப் போக ஒரு பஸ்ஸர், திரும்பி வர ஒரு பஸ்ஸர், லைனில் எங்காவது வேலை நின்றால் ஒரு பஸ்ஸர். அடித்த இடத்துக்கு அடித்த நொடியில் போய் நிற்கவேண்டும். தன் ஷிப்டில் லைன் நின்றதே இல்லை என்று இன்றைக்கும் சொல்லிப் பெருமைப்படுவார். ரிட்டயராகி இரண்டு வருஷம் சும்மா கிடந்த கால்களுக்கு மறுபடி வேலை கிடைத்துவிட்டது. புரிந்தது. புரிந்ததால் எரிச்சல் குறைந்துவிடுமா என்ன?

மாடிக்கோ கடைக்கோ போகும்போது பழைய கம்பெனி அடையாள அட்டையின் கயிற்றில் அதைக் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். "எனக்கு நீங்க கட்டினீங்க, உங்களுக்கு அது கட்டிடுச்சா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பனியன் நுனியால் அதன் கண்ணாடியைத் துடைத்தார். என் மூக்குக்கண்ணாடியை ஒருநாள் துடைத்துக் கொடுத்திருப்பாரா!

ஊர் மெச்சல் வேறு. பாத்திரம் தேய்க்க வரும் அம்மா, "இன்னாக்கா, சார் இந்த ஓட்டம் ஓடிகினு கீறாரு! நீ குட்த்து வெச்சவ" என்றாள். எங்களுடையது நாலு வீடு உள்ள சின்னக் கட்டடம். வாரத்துக்கு ஒரு வீடு மோட்டார் டூட்டி பார்க்கவேண்டும். காலையில் போட்டு, முப்பத்தைந்து நிமிஷத்தில் மொட்டைமாடி டேங்க் நிறைந்ததும் நிறுத்தவேண்டும். எங்கள் வீட்டு முறையைப் பதினோரு வருஷம் நான்தான் பார்த்தேன். ஒரு ஈ காக்கா நன்றி சொன்னதில்லை. இவர் டைமரும் கையுமாக இரண்டு முறை பார்த்தார், முதல் மாடி டீச்சர் இறங்கி வந்து, "சார் டூட்டி பாக்கற வாரம்னா நிம்மதியா இருக்குங்க. எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு வாங்கணும்" என்றார். "வாங்குங்க, வாங்குங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அண்டா, சிலிண்டர் எதுவும் இல்லாமல், காரணம் சொல்லாமல், வெறும் ஒரு "ஏங்க"வுக்கு இவர் எழுந்து வரவேண்டும். அந்தச் சக்களத்திக்கு ஓடுகிற ஓட்டத்தில் பாதி ஓடினால் போதும்.

மே மாதம் எங்கள் டூட்டி வாரம் வந்தது. காலை ஏழு மணிக்கு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தார். மூன்றாம் பொத்தானில் முப்பத்தைந்து நிமிஷம் வைத்து அழுத்தினார். டப்பாவை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு ஹாலுக்குப் பேப்பர் படிக்கப் போனார். நான் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்று கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எண்கள் குறைந்துகொண்டே வந்தன. என்ன தோன்றியதோ, கத்தியைக் கீழே வைத்தேன். மூன்றாம் பொத்தானை ஒரு தரம், ஓரத்தில் இருக்கும் அழிக்கிற பொத்தானை ஒரு தரம் அழுத்தினேன். எல்லாம் பூஜ்யம் ஆகிவிட்டது.

டேங்க் வழியவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, சத்தியமாக. நேரம் ஆனதும் பழையபடி நான் கூப்பிடவேண்டும், என் குரலுக்கு இவர் வரவேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழு முப்பத்தைந்து ஆனதும், "ஏங்க" என்றேன். பேப்பர் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் கொஞ்சம் உரக்க, "ஏங்க!" அதற்கும் ஒன்றுமில்லை. மூன்றாவதுக்கு "வரேன்" வந்தது.

மோட்டார் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வாசலுக்குப் பத்தடி நடந்து நானே நிறுத்தியிருக்கலாம். செய்யவில்லை. வரட்டும், எப்போதுதான் வருகிறார் பார்க்கலாம் என்று வீம்பு. கத்தரிக்காயை மறுபடி எடுத்து, நறுக்கியதையே இன்னும் சின்னதாக நறுக்கினேன்.

மாடியிலிருந்து டீச்சர் போட்ட அலறலில்தான் இருவரும் ஓடினோம். முந்தின நாள் அவர் விடியற்காலையில் எழுந்து மூன்று கிலோ அரிசிக்குக் கூழ் கிண்டி, மொட்டைமாடியில் புடவை விரித்து வடாம் பிழிந்திருந்தார். முக்கால்வாசி காய்ந்திருந்தது. டேங்கில் வழிந்த தண்ணீர் நேராக அதன்மேல் விழுந்து, எல்லாம் திரும்பக் கூழாகி, புடவையோடு ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது.

"ரெண்டு நாள் வேலை சார்" என்றார் டீச்சர். அவர் கத்தியிருந்தால் தேவலை. குரல் உடைந்துவிட்டது.

இவர் கழுத்து வரைக்கும் சிவந்துபோய் நின்றார். "தப்பு என்னுதுதான்மா. பட்டன அழுத்த மறந்துட்டேன்." சொல்லிவிட்டுக் கீழே வந்து டப்பாவை எடுத்துப் பார்த்தார். மூன்றில் பூஜ்யம். "அழுத்தினேன்னுதானே நினைச்சேன்..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் சக்களத்தி காலை வாரிவிட்டாள் பார் என்று இருந்தது.

அந்தத் திருப்தி இரண்டு நாள்கூட நிற்கவில்லை. மறுநாள் மோட்டாரைப் போட்டுவிட்டு, ஃபிரிட்ஜுக்கு எதிரே ஸ்டூல் போட்டு முப்பத்தைந்து நிமிஷமும் டப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேப்பர் தொடவில்லை. ஒரு சின்ன நோட்டில், அழுத்தினேன், நிறுத்தினேன் என்று எழுதி டிக் போட்டார். சாப்பிடும்போது, "நான் இன்னிக்கு மாத்திரை போட்டேனா?" என்று கேட்டார். போட்டீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வியைக் கேட்டார். பிறகு, கேட்டதைத் திரும்பக் கேட்டுவிட்டோம் என்று அவருக்கே தெரிந்து, தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பால்கனியில் இவர் போனில் பேசுவது கேட்டது. குன்றத்தூர் அண்ணியிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணனுக்கு முதல் முதல்ல எப்படிண்ணி ஆரம்பிச்சுது? ... இல்ல, சும்மாதான் கேட்டேன். முதல்ல என்ன மறந்தாரு?"

மடித்த துணியைக் கீழே வைத்தேன். மாத்திரைக்கு எதற்கு டைமர் என்று கேட்டேனே, பாவி. பயந்துபோய்த்தான் அந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைப் பார்த்து நான் வயிறெரிந்திருக்கிறேன்.

போனை வைத்ததும் போய் எதிரில் நின்றேன். "அன்னிக்கு நீங்க மறக்கல. பட்டன அழுத்தினீங்க. நான்தான் அழிச்சேன்."

என்னையே பார்த்தார். "என்ன சொல்ற?"

"நான்தான் அழிச்சேன். மூணாம் பட்டன."

"நான் அழுத்தினேனா?"

"அழுத்தினீங்க."

"நிச்சயமா?"

"பக்கத்துல நின்னு பாத்தேங்க. முப்பத்தஞ்சு வெச்சு அழுத்தினீங்க. எண்ணு ஓடிச்சு."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்தபோது பார்த்தால் சரியான கோபம்.

"உனக்கு என்ன பைத்தியமா? மூணு நாளா நான் என்ன பாடு படறேன் தெரியுமா? அந்தம்மா வடாம் வேற போச்சு. எதுக்குடி அழிச்ச?"

"பொறாமை."

"யார் மேல?"

"அது மேலதான். நான் கூப்பிட்டா அசைய மாட்டீங்க, அது கூப்பிட்டா விழுந்தடிச்சு ஓடறீங்க. முப்பத்தொரு வருஷமா கூப்பிடறேன். அன்னிக்குக்கூட மூணு தடவ கூப்பிட்டேன், காதுல விழுந்துதா உங்களுக்கு?"

"விழுந்துதே. முதல் தடவையே விழுந்துது."

"அப்புறம் ஏன் வரல?"

யோசிக்கக்கூட இல்லை. "அது ஒரு நிமிஷம்தான் கத்தும். அப்புறம் நின்னுடும், விட்டா போச்சு. நீ எங்க நிறுத்தப் போற? திரும்பக் கூப்பிடுவேன்னு தெரியும்" என்றார்.

முப்பத்தொரு வருஷமாக மேலே மேலே கூப்பிட்டு நானே இவரைக் கெடுத்து வைத்திருக்கிறேன்.

அன்று சாயந்திரமே டீச்சர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லப் புறப்பட்டேன். இவர் விடவில்லை. "நான் மறந்ததாவே இருக்கட்டும் விடு. நீ அழிச்சேன்னு தெரிஞ்சா இந்தக் கட்டடத்துல தலகாட்ட முடியாது" என்றார். மறு வாரம் மூன்று கிலோ அரிசி வாங்கி, நானும் டீச்சரும் சேர்ந்து வடாம் பிழிந்தோம். "சாருக்காக நீங்க ஏங்க கஷ்டப்படறீங்க" என்றார் டீச்சர். நான் குனிந்துகொண்டே பிழிந்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தி, இவரிடம் உண்மையைச் சொன்ன மறுநாள் காலையில் நடந்தது. அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு எந்த வேலையும் ஆகவேண்டியிருக்கவில்லை. "ஏங்க" என்றேன், ஒரே ஒரு தடவை. அதோடு வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவது தடவை தொண்டை வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். பழக்கத்தை அடக்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தோசைக்கல் புகைய ஆரம்பித்தது, அடுப்பை அணைத்தேன். ஹாலில் பேப்பர் புரண்டது. மறுபடி புரண்டது. பிறகு புரளவில்லை.

நாற்காலி தரையில் உரசி விழுந்த சத்தம் கேட்டது. வந்து நின்றவருக்கு மூச்சு வாங்கியது. முகம் வெளுத்திருந்தது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார்.