பெட்டிக்குள் புகாத காற்று

கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன் நான். திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் போகும் சாலையோரம் வீடு; முன்னறையில்தான் கம்ப்யூட்டர். எங்கள் தெருவில் காற்று என்றால் வெளியே தள்ள வேண்டிய சமாச்சாரம். கரித்தூளுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவோம். சமையலறை விசிறி வெளியேதான் ஊதும். கம்ப்யூட்டர் பெட்டியின் முன்விசிறி மட்டும் உள்ளே இழுப்பதை எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஒருநாள் பார்த்துவிட்டார்.

“இன்னா மாமு, ரோட்டு தூசிய வெத்தல பாக்கு வெச்சு கூப்டுகினு கீற? திருப்பிப் போடு, வெளிய ஊதட்டும்!”

அவர் பேச்சு எனக்கு எப்போதும் பிடிக்கும். திருப்பிவிட்டேன். பின்விசிறி ஏற்கெனவே வெளியே ஊதிக்கொண்டிருந்தது.

சில மாதம் கழித்து, கப்பலில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒருவரின் வீடியோ கைக்கு வந்தது. நடுக்கடலில் நெட் வராது. பென்டிரைவில் கையோடு கொண்டுபோக வேண்டும். மறுநாள் மதியம் கிளம்புகிறார்.

வெட்டி ஒட்டியதையெல்லாம் ஒரே வீடியோவாக்கும் ரெண்டரைப் போட்டேன். பாதியில் கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி போட்டால் மறுபடி அணைந்தது. பிராசஸரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினியத் தகட்டு அடுக்கு, அந்த ஹீட்சிங்க், தோசைக்கல்லாகக் கொதித்தது. அதன் விசிறிமீது சந்தேகப்பட்டு அதையும் திருப்பினேன். இன்னும் சீக்கிரம் அணைந்தது! பெட்டியைப் பார்த்துக் கத்தினேன்; தூக்கித் தெருவில் போட்டுவிடலாம் போலிருந்தது.

“அதுகிட்ட ஏன் கத்துற? அதுக்கு காது கீதா?” என்றாள் மனைவி.

வேறு வழியில்லாமல், கல்யாணத்தை இரண்டாக வெட்டி, அணைவதற்குள் முடியும்படி தாலி கட்டும் வரைக்கும் ஒரு துண்டாக எடுத்து வைத்தேன்.

காலையில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பெட்டியைச் சுற்றிக் காட்டினேன். முன்னால் பிடித்தால் புகை என் முகத்தில் அடித்தது. பின்னாலும் வெளியேதான் தள்ளியது. பக்கத்தில் பிடித்தபோது மட்டும் மூடி இடுக்கிலும் யுஎஸ்பி ஓட்டையிலும் நூலாக நுழைந்தது. நான் தடுத்த தூசி அந்தச் சந்துகள் வழியாகவே வந்து, கடல் ஈரத்தோடு சேர்ந்து ஹீட்சிங்க் தகடுகளில் கம்பளி மாதிரி அப்பியிருந்தது. அது குளிர நல்ல காற்று மட்டும் வரவில்லை.

துடைத்தேன். முன்விசிறி உள்ளே, பின்விசிறி வெளியே, ஹீட்சிங்க் விசிறி பின்பக்கம் தள்ளும்படி, எல்லாம் ஒரே திசையில். முன்னால் கொசுவலைத் துண்டு. இரண்டாவது துண்டுக்கு ரெண்டர் போட்டேன். அது பாதிகூட ஓடவில்லை, மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில். வெளியே டாக்சி.

“ரெடியாண்ணா?”

“தாலி கட்ற வரைக்கும் கீதுப்பா. மீதி ஓடிகினு கீது.”

“எங்க நைனா டான்ஸ் ஆடனது?” என்றாள் பெண்.

“அது மீதில கீதும்மா.”

மாப்பிள்ளை சிரித்தார். “வுடு. தாலி கட்னதுக்கு சாட்சி கீதுல்ல, போதும்.” பெண் சிரிக்கவில்லை.

டாக்சி போன பிறகு ரெண்டர் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. திரையில் அவளுடைய அப்பா வேட்டியை மடித்துக் கட்டி ஆடிக்கொண்டிருந்தார். யோசிக்காமல் விசிறியைத் திருப்பிய என்மேலேயே வந்த ஆத்திரத்தில், அந்த ஆட்டத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.