கார் வேகமாக ஓடிய வெள்ளிக்கிழமை

பத்து வயதில் எனக்கு இருந்த ஒரே பகை அக்காவின் மடிக்கணினியோடுதான். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அரசாங்கம் அவளுக்கு இலவசமாகக் கொடுத்தது. அதில் ஒரு கார்ப் பந்தய விளையாட்டு இருந்தது. கார் கொஞ்ச தூரம் ஓடும், அப்படியே நின்றுவிடும், என்னவோ யோசிக்கும். மறுபடி கிளம்பும்போது பள்ளத்தில் கிடக்கும். பூண்டு மூட்டை ஏற்றிய லாரிகூட எங்கள் மலைப்பாதையில் இதைவிட வெரசாகப் போகும் என்று அக்காவிடம் சண்டை போடுவேன்.

அக்கா அப்போது காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் விடியற்காலையில் தோட்டத்து மேட்டில் ஏறி இறங்கி ஓடுவாள். எங்கள் வீட்டில் தேர்வு எழுத ஒரே ஒரு முறைதான் அனுமதி. "ஒருவாட்டி எழுதட்டும். வரலேன்னா பெரியகுளத்துக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிருவோம்" என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். பெரியகுளத்துக்காரர்கள் அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள். அன்று மிஞ்சிய கேசரியை நான்தான் தின்றேன் என்பதால், அவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமே இருந்தது.

எங்கள் ஊர் கொடைக்கானலுக்கும் மேலே. வீட்டில் செல்போனுக்கு டவர் கிடைக்காது. ஊருக்கு வெளியே சாலை திரும்பும் ஒரு வளைவில் மட்டும், அதுவும் வானம் பார்த்து மனசு வைத்தால், கிடைக்கும். அக்கா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அங்கே போவாள். அப்பாவின் போனிலிருந்து இணையத்தை வாங்கி, பழைய வினாத்தாள்களையும் பாடக் குறிப்புகளையும் ஒவ்வொரு பக்கமாகத் திறப்பாள். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு பாத்தி களை எடுத்துவிடலாம். திறந்த எதையும் மூடாமல், கணினியை அணைக்காமல், மூடியை மட்டும் சாத்தி, துண்டில் சுற்றி, நிறைகுடம் கொண்டுவருவதுபோல வீட்டுக்குக் கொண்டுவருவாள். பிறகு உட்கார்ந்து படிப்பாள். பக்கங்களைச் சேமித்து வைக்க வழி உண்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூடினால் போச்சு, மறுபடி வளைவுக்குத்தான் போகவேண்டும்.

"நீ ஆடிக்கோ. பின்னாடி தொறந்து கெடக்கறதுல மட்டும் கைய வைக்காத" என்பாள் என்னிடம். பின்னால் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் தேர்வு. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அம்மாவின் தம்பி பூண்டு வாங்க வந்தார். நாயுடுபுரத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த மாமா அவர். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. தெரிந்தது பாதி, மீதி தைரியம். அக்கா தோட்டத்துக்குப் போயிருந்தாள். நான் என் குறையை மாமாவிடம் கொட்டினேன்.

"கம்ப்யூட்டருக்கு மெமரின்னு ஒண்ணு இருக்கு, மருமகளே. பண்ணைக்காட்டு ஜீப்பு மாதிரி வச்சுக்க. பத்துப் பேர் போற ஜீப்புல இருவது பேர ஏத்துனா ஏத்தத்துல என்னாகும்?"

"உறுமும். நகராது."

"அம்புட்டுத்தான். யாரு அதிகமா எடத்த அடைச்சுருக்கான்னு பாத்து எறக்கி விட்டுரணும்."

மூன்று பட்டன்களைச் சேர்த்து அமுக்கினார். ஒரு பட்டியல் வந்தது. என் விளையாட்டு ஏழைபோல ஓர் ஓரத்தில் இருந்தது. முதல் வரிசையில் ஒருவன் ஏறக்குறைய மொத்த இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்தான்.

"இது யாரு மாமா?"

"இன்டர்நெட்டு. சும்மா தொறந்து கெடக்கு, யாரும் பாக்கல."

அது பொய்யில்லை. அந்த நிமிஷத்தில் யாரும் பார்க்கவில்லைதான். எதை அமுக்க வேண்டும் என்று காட்டிவிட்டு, மாமா மூட்டை எடைபோடப் போய்விட்டார். நான் அமுக்கினேன். நிச்சயமாகவா என்று கணினி ஒருமுறை கேட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிச்சயமாக நான் எதையும் செய்ததில்லை.

கார் பறந்தது. ஓரிடத்திலும் நிற்கவில்லை. நான்கு பந்தயம் தொடர்ந்து ஜெயித்தேன்.

சாயங்காலம் அக்கா வந்ததும் வாசலுக்கே ஓடினேன். "அக்கா, ஒன் லேப்டாப்ப நான் சரி பண்ணிட்டேன்!" அவள் கை மண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க வளைவில் நின்று சேர்த்தவை, கடைசியாக ஒருமுறை படிக்க வைத்திருந்தவை எதுவும் அதில் இல்லை. திரும்பத் திறந்து பார்த்தாள். எல்லாப் பக்கமும் வெள்ளையாக, இணையம் இல்லை என்றது. "யாரு சொல்லிக் குடுத்தா?" என்று மட்டும் கேட்டாள். மாமா என்றேன், பெருமையாக.

அந்தத் தேர்வில் அக்காவுக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது. பெரியகுளத்துக்காரர்களுக்குச் சரி என்று சொல்லிவிட்டார்கள். பல வருடம் கழித்து, மதுரையில் என் கல்லூரி முதல் வருடம், ஆசிரியர் மெமரி என்பது என்ன என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியபோதுதான் இதையெல்லாம் நான் சேர்த்துப் பார்த்தேன். வகுப்பின் நடுவில் எழுந்து வெளியே போய்விட்டேன். அன்றைய அந்த ஒரு கேள்வியைத் தவிர, அக்கா இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவள் மடிக்கணினியைத் துண்டில் சுற்றி, குடையும் எடுத்துக்கொண்டு வளைவுக்குக் கிளம்பினாள். ஐந்தாவது பந்தயம் பாதியில் போகிறதே என்று அழுதுகொண்டு நானும் பின்னால் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் மஞ்சு பனிமூட்டமாக இறங்கி மழையும் பிடித்துக்கொண்டது. அக்கா போனை உயரத் தூக்கிப் பிடித்தாள், சாலையின் அந்த ஓரத்துக்குப் போனாள், இந்த ஓரத்துக்கு வந்தாள். டவர் இல்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் மலை இறங்கவேண்டும்.

நான் விசும்பிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா வளைவில் இருந்த சின்னப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து என் மடியில் வைத்தாள்.

"ஆடு. இப்பத்தான் நல்லா ஓடுதுல்ல."

ஒரு கையில் குடையை எனக்கும் கணினிக்கும் மேலாகப் பிடித்துக்கொண்டாள். அவள் தோள் நனைந்துகொண்டிருந்தது. இன்னொரு கையில் போன். கண் மட்டும் திரையில் ஓடும் காரையே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா முதல்முறையாக என் ஆட்டத்தை ரசிக்கிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவளுக்குக் காட்டுவதற்காகவே காரை இன்னும் வேகமாக ஓட்டினேன்.