சட்டை கழற்றாத இடங்கள்

எங்கள் மாவட்டத்தில் சட்டையோடு சுற்றிப் பார்க்கக்கூடிய இடங்கள் எவை, சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே விடும் இடங்கள் எவை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உதயகிரிக் கோட்டைக்குள் மரங்களுக்கு அடியில் சட்டையோடு நடக்கலாம். பத்மநாபபுரம் அரண்மனையில் செருப்பை மட்டும் வெளியே விட்டால் போதும். முட்டத்தில் பாறைமேல் உட்கார்ந்து கடல் பார்க்க எதையும் கழற்ற வேண்டாம். மாத்தூர்த் தொட்டிப்பாலம், கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் உள்ள அரசுப் பழத்தோட்டம், நாகர்கோவில் பூங்கா, எப்போதாவது பள்ளிக்கூட மண்டபத்தில் வைக்கிற ஓவியக் கண்காட்சி, எல்லாம் நமக்கு அனுகூலமான இடங்கள். கோயில்கள்தான் சிக்கல். பழைய திருவிதாங்கூர் வழக்கம் இன்னும் இருப்பதால், பெரிய கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும்.

நெஞ்சில் ஆபரேஷன் ஆவதற்கு முன்னால் இதையெல்லாம் நான் யோசித்ததே இல்லை.

நான் வாழைக்குலை மண்டியில் வேலை பார்க்கிறவன். ஐந்தாம் வகுப்பு முடித்ததும் குலை சுமக்கப் போனேன். ஏத்தன் வாழைக்குலையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடியே பழகிய உடம்பு. ஒருநாள் அது மூச்சுக்குத் திணறியது. திருவனந்தபுரத்தில் கொண்டுபோய் நெஞ்சைத் திறந்து சரிசெய்தார்கள். கழுத்துக்குக் கீழே தொடங்கி வயிற்றுக்கு மேலே முடிகிற ஒரு கோடு மிஞ்சியது. கறுப்பாக, கொஞ்சம் தடித்து, கயிறு ஒட்டிவைத்தது போல இருக்கும்.

உடம்பு தேறி மண்டிக்குப் போனேன். சுமக்க வேண்டாம், காய் முற்றலா பிஞ்சா என்று பார்த்துப் பிரித்து வைத்தால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஒரு மழைநாளில் நனைந்த சட்டையை மாற்றினேன். கூட இருந்த ஆட்களின் பேச்சு நின்றுவிட்டது. நேற்றுவரை என்னைக் கேலிசெய்துகொண்டிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் வந்து என் கையில் இருந்த டீ கிளாசை வாங்கிக் கீழே வைத்தான்.

"அண்ணன் வெயிட்டு தூக்கப்பிடாது" என்றான்.

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். எனக்குத்தான் தாங்கவில்லை. நான் இயல்பாகவே கூச்சக்காரன். நாலு பேர் என்னைப் பார்க்கிறார்கள் என்றாலே கை எங்கே வைப்பது என்று தெரியாது. அந்த நாலு பேரும் பாவம் என்று வேறு பார்த்தால் என்ன செய்வது? அன்றிலிருந்து யார் முன்னாலும் சட்டையைக் கழற்றியதில்லை. வீட்டில் குளித்துவிட்டு வரும்போதே சட்டையை மாட்டிக்கொண்டுதான் வருவேன்.

இதனால் நட்டம் எனக்கு இல்லை, என் வீட்டுக்காரிக்குத்தான். மண்டி மத்தியானத்தோடு அடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் முன்பெல்லாம் சுசீந்திரம் கோயிலுக்குப் போவோம். அவள் சாமி கும்பிடுவது சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு பிராகாரத்தில் தூண்தூணாக நிற்பாள். விளக்கேந்தி நிற்கும் கல் பெண்களின் கழுத்து, காது, கொண்டை, இடுப்புச் சேலை மடிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பார்த்தால் கோயிலுக்கு வந்தவள் மாதிரி இருக்காது, துணிக்கடைக்கு வந்தவள் மாதிரி இருக்கும். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ப்பாள். நான் பின்னால் நின்று, அவள் காட்டுவதைப் பார்ப்பேன். அவள் காட்டாமல் நானாக எதையும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் காட்டினால் எனக்கும் பிடிக்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு அது நின்றுபோனது. நான் வாசலில் நிற்கிறேன், நீ போய்விட்டு வா என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "ஒத்தைக்குப் போய் யாருட்ட காட்டுயதுக்கு?" என்றாள். பிறகு கோயில் பேச்சையே எடுக்கவில்லை. நான் தோட்டம் தோட்டமாகக் கூட்டிப்போனேன். ரோஜாவைப் பார், செம்பருத்தியைப் பார் என்றேன். பார்த்தாள். கோபம் காட்டியிருந்தால் எனக்கும் பதில் சொல்லத் தோன்றியிருக்கும். அவள் காட்டவில்லை. இப்படியே போனால் மிச்சக் காலம் முழுக்க நான் நோயாளியாகவும், அவள் நோயாளிக்குத் துணையாகவும்தான் ஊரைச் சுற்றவேண்டும் என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. ஆனால் பொத்தானில் கை வைத்தால் விரல் மறுத்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் அஞ்சுகிராமத்திலிருந்து வந்தார். அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். பழைய கார் ஒன்று புதிதாக வாங்கியிருந்தார், அதைத் தங்கைக்குக் காட்டவேண்டும். பழத்தோட்டத்துக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். புல்லில் விரித்து உட்கார எப்போதும்போல ஒரு தோர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டேன். துண்டைத்தான் நாங்கள் தோர்த்து என்போம்.

கார் சுசீந்திரம் தெப்பக்குளத்தை ஒட்டிப் போனது. என் வீட்டுக்காரி கண்ணாடி வழியாகக் கோபுரத்தைப் பார்த்தாள். கார் கடந்த பிறகும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். அண்ணன் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் அதைக் கவனித்துவிட்டார்.

"ஏட்டி, இறங்கணுமா?"

"வேண்டாம் அண்ணே. அவியளுக்குத் தோட்டம்தான் இஷ்டம்."

"வாழைக்குலைக்குள்ளயே கெடக்க மனுசனுக்குத் தோட்டம் என்னத்துக்கு?" என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

நான் சொன்னேன்: "மச்சான், நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் செருப்பைப் பாத்துக்கிடுதேன்."

"என் செருப்பையா? அதை எவனாவது களவாண்டா நான் கூப்பிட்டு டீ வாங்கிக் குடுப்பேன் மாப்பிள. இறங்கும் ஓய்."

என் வீட்டுக்காரி கதவைத் திறக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவிய வரலேன்னா நானும் வரல. சும்மா விடு, தோட்டத்துக்கே போவோம்" என்றாள். குரலில் குறை எதுவும் இல்லை. உப்பு இல்லையென்றால் பரவாயில்லை, இப்படியே சாப்பிடலாம் என்பது போலச் சொன்னாள்.

அதைக் கேட்டபின் காருக்குள் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தோளில் தோர்த்து இருப்பது நினைவுக்கு வந்தது. காருக்குள்ளேயே குனிந்து சட்டையைக் கழற்றினேன். தோர்த்தை இரண்டு தோளையும் மூடி நெஞ்சுக்குக் குறுக்கே போர்த்தி, முன்னால் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

மச்சான் மேலும் கீழும் பார்த்தார். "என்ன மாப்பிள, பொண்ணு பாக்க ஆள் வந்திருக்கா? கொஞ்சம் பூவும் வச்சுக்கிடும்."

என் வீட்டுக்காரி அண்ணனின் கையில் ஒரு அடி போட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு அடித்தாள் என்று தெரிந்தது. என் சட்டையை மச்சான் வாங்கித் தன்னுடையதோடு சேர்த்துச் சுருட்டி வைத்துக்கொண்டார்.

உள்ளே போனோம். சாயங்காலக் கூட்டம். கால்களுக்குக் கீழே கல் குளிர்ச்சியாக இருந்தது. அவள் ஒரு தூணைக் காட்டினாள். "ம்" என்றேன். இன்னொன்றைக் காட்டினாள். அதற்கும் "ம்" என்றேன். உண்மையில் நான் ஒன்றையும் பார்க்கவில்லை. தோர்த்தின் இரண்டு முனைகளும் சேர்கிற இடத்தில், என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே வருகிற ஒவ்வொருவரும் அந்த விரல்களையே பார்ப்பதாகத் தோன்றியது. அவள் மூன்றாவதைக் காட்டவில்லை.

தீபாராதனைக்கு நேரம் ஆகிவிட்டது என்று எல்லோரும் சன்னதிக்கு முன்னால் நெருங்கினார்கள். பெண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். முன்னால் முழுக்க முதுகுகள். மச்சான் என்னை இழுத்துக்கொண்டுபோய் ஓர் இடம் பிடித்தார். நடை அடைத்திருந்தது. எல்லோரும் பேசாமல் நின்றார்கள். பிறகு மணி அடித்தது. கதவு திறந்தது. உள்ளே விளக்குகள் அடுக்கடுக்காக ஒன்றாகத் தெரிந்தன. நான் கையைக் கூப்பினேன்.

கையைக் கூப்பிய பிறகுதான், கூப்புவதற்கு இரண்டு கையும் எப்படிக் கிடைத்தன என்று யோசித்தேன். குனிந்து பார்த்தேன். தோர்த்து இடுப்பில் இருந்தது.

நான்தான் கட்டியிருக்கிறேன். வேறு யாரும் கட்டவில்லை. எங்கள் ஊரில் தோளில் துண்டோடு யாரும் சாமி முன்னால் நிற்பதில்லை. நடை திறந்ததும் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிவிடுவோம். சின்ன வயதில் யாரும் இதைச் சொல்லித் தந்ததாக நினைவில்லை. சுற்றி நிற்கிறவர்கள் கட்டுவார்கள், நாமும் கட்டுவோம். தும்மல் வந்தால் கண் மூடுவது மாதிரி. மணிச் சத்தம் கேட்டதும் என் கை என்னைக் கேட்காமல் பழைய வேலையைச் செய்துவிட்டது. அத்தனை நாள் மறைத்துவைத்ததை, ஊர் கூடி நிற்கும் இடத்தில், அத்தனை விளக்கு வெளிச்சத்துக்கு முன்னால் திறந்துகாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தோர்த்தை அவிழ்த்து மறுபடி போர்த்த வேண்டும். ஆனால் தீபம் காட்டுகிற நேரத்தில் இடுப்பில் கட்டியதை அவிழ்த்துத் தோளில் போடுவது மரியாதை இல்லை. அப்படிச் செய்தால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அங்கும் இங்கும் அசைந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தட்டியது. வந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கே ஆபரேஷன், எத்தனை நாள் ஆச்சு, இப்போ எப்படி இருக்கு என்று கேட்கப் போகிறார். திரும்பினேன். தொந்தி பெருத்த ஒரு பெரியவர். அவர் கண் என் நெஞ்சில் பட்டது, எனக்குத் தெரியும். பிறகு அது என் காதைத் தாண்டிச் சன்னதிக்குப் போனது.

"வேய், கொஞ்சம் தள்ளி நில்லும். ஒண்ணும் தெரியல்ல. நீரு என்ன தூணா?"

தள்ளி நின்றேன். அவர் கையைத் தூக்கிக் கும்பிட்டார். என்னை மறந்துவிட்டார். அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமி முன்னால் நின்று சிரிக்கிறோமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். நெஞ்சுக்குள் எதுவோ இறங்கியது. மயக்க மருந்து தெளிந்து, பிழைத்துக்கிடக்கிறேன் என்று தெரிந்த அன்றுகூட இவ்வளவு லேசாக இருந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். சட்டை இல்லாத ஆண்கள். ஒருவருக்கு விலாவில் குறுக்கே தையல் போட்ட தழும்பு. ஒருவருக்கு முதுகு பூராவும் தேமல். ஒருவருக்கு ஆட்டுக்கிடா மாதிரி மயிர். இன்னொருவருக்கு எண்ணெய் கொட்டினது போல ஒரு தீக்காயம். என் மச்சானுக்கு நெஞ்சிலேயே வியர்க்குரு. காருக்குள்ளே பெரிய மனிதராக இருந்தவர் அங்கே தேங்காய் உரித்தது போல நின்றார். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரசாதம் வாங்கிக்கொண்டு பெண்கள் பக்கம் போனேன். என் வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள், நெஞ்சைப் பார்க்கவில்லை. சந்தனத்தை விரலில் எடுத்து என் நெற்றியில் வைத்தாள். விரலில் மிச்சம் இருந்ததைத் தழும்புக்கு மேலே தொண்டைக்குழியில் தடவிவிட்டாள்.

"தோர்த்து அவிழ்ந்துட்டு" என்றேன்.

"பாத்தேன்."

"ஒண்ணும் சொல்லல்ல?"

"சொன்னா மறுபடியும் இழுத்துப் போத்திருவிய. அதான் சாமியைப் பாத்துட்டு நின்னேன். என்ன கும்பிட்டேன்னு எனக்கே தெரியாது."

பிறகு பிராகாரத்தைச் சுற்றினோம். இந்த முறை அவள் காட்டியதையெல்லாம் பார்த்தேன். விளக்கேந்திய பெண்களில் ஒருத்திக்குக் கொண்டை வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அடுத்தவளுக்கு இடப்பக்கம். ஒருத்தியின் காது வளர்ந்து தோளைத் தொடுகிறது. ஒருத்தி சிரிக்கிறாளா, கால் வலியை அடக்குகிறாளா என்று எங்களுக்குள் விவாதம் வந்தது. கால் வலிதான் என்றாள் அவள், எத்தனை காலமாக நிற்கிறாள். மச்சான் ஒவ்வொருத்தியின் மூக்கையும் பார்த்து, உடைந்தது, உடையாதது என்று பிரித்துக்கொண்டே வந்தார். மூன்று ஆள் உயர அனுமார் முன்னால் நின்று தலையை அண்ணாந்தபோது பிராகாரத்துக் காற்று நெஞ்சில் நேராகப் பட்டது. தடித்த கோட்டில் உணர்ச்சி குறைவு. அதன் இரண்டு பக்கமும் குளிர்ந்தது.

வெளியே வந்ததும், வண்டியை எடுத்துவருகிறேன் என்று மச்சான் போய்விட்டார். தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்தோம். குளத்து நடுவில் இருக்கும் மண்டபத்தின் மேல் வெயில் மஞ்சளாக இருந்தது. பழத்தோட்டம் இந்நேரம் அடைத்திருப்பார்கள் என்றேன்.

"அடைக்கட்டும்" என்றாள். "பூப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு. சட்டை கழத்தாத இடமாப் பாத்துத்தான் கூட்டிட்டுப் போறியன்னு தெரியாதாக்கும்?"

"எனக்குத் தோட்டம் பிடிச்சுப்போச்சுட்டி. நெசமாட்டு."

"அப்ப ஒரு ஞாயிறு உங்களுக்கு, ஒரு ஞாயிறு எனக்கு. அடுத்த ஞாயிறு எனக்கு. திருவட்டாறு கோயிலுக்கு."

சரி என்றேன். அப்போதுதான் அவள் என்னை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். என்ன என்று கேட்டேன். சொல்ல முடியாமல் ரோட்டைக் காட்டினாள். பஸ் நிறுத்தத்தில் சட்டை போட்ட ஆண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். என்னுடைய சட்டை மச்சானோடு காரில் போயிருந்தது. கோயிலை விட்டு வெளியே வந்து, ரோட்டுப் பக்கம் முகம் வைத்து, வெறும் மேலோடு நான் இவ்வளவு நேரம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தோர்த்து இடுப்பில்தான் இருந்தது. எடுத்துப் போர்த்தியிருக்கலாம். வெயில் தாழ்ந்து, குளத்துக் காற்று சுகமாக இருந்தது. மச்சான் வரட்டும் என்று இருந்துவிட்டேன்.